கேசட் கேமும் நம் கிளப் ஹவுஸும்

(பொங்கல் விழாவை ஒட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் பி பிளாக் நண்பர்களே, உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வாங்க.

போன தடவை இதே இடத்தில் நம் ஊர்க் குளங்களைப் பற்றிப் பேச்சு நடந்தது. அதற்கு முந்தின தடவை சர்க்கரை நோய். இந்த முறை என்னைக் கூப்பிட்ட செயலாளர், "சார், நாமினேஷன், லாக்கர், எஃப்டி வட்டி, இதுல ஏதாச்சும் பேசுங்க" என்றார். நான் வீடியோ கேம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "நீங்களா சார்?" என்றார்.

ஆமாங்க, நானேதான். காரணம் இருக்கிறது. குழந்தைகள் அறைக்கு ஒரு விளையாட்டுக் கருவி வாங்குவது பற்றிக் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற, பத்தாயிரம் கேம் இருப்பதாகச் சொல்லும் குச்சியை டிவியில் சொருகிவிடலாம் என்பது ஒரு கட்சி. வாங்கினால் ஐம்பதாயிரத்தைத் தொடும் புதுக் கன்சோல்தான் என்பது இன்னொரு கட்சி. கேரம் போர்டு இருக்கிறது, அதற்கே ஸ்டிரைக்கரைக் காணோம், இதெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது கட்சி. பொதுக்குழுவில் கை தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் விவரம் தெரிந்து தூக்கலாமே என்றுதான் நின்றிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் வங்கியில் கணக்கு எழுதியவன். ஒரு பொருளைப் பார்த்தால் விலை எவ்வளவு, பணம் யாருக்குப் போகிறது, அது ஒரு தடவையோடு முடிகிறதா என்றுதான் என் புத்தி போகும். இன்றைக்கும் அப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கதை. இங்கே முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எங்கள் தலைமுறை அதை டிவி கேம் என்றது. பிள்ளைகள் கேசட் கேம் என்றார்கள். அதில் சொருகுவது கேசட்டே அல்ல. உள்ளே நாடா கிடையாது, சின்னப் பலகையில் ஒட்டிய சில்லு மட்டும்தான். ஆனால் நம் ஊரில் யாரும் அதை வேறு பெயரில் சொல்லி நான் கேட்டதில்லை.

அசல் கருவி ஜப்பானுடையது. 1889-ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி நின்டெண்டோ. அது 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற கருவியைக் கொண்டுவந்தது. விலை 14,800 யென். 1985-ல் அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்ற பெயரில் போனது. இரண்டும் சேர்த்து உலகம் முழுக்க விற்றது 6 கோடியே 19 லட்சம். அந்த 6 கோடியில் நம் வீட்டுக் கருவி சேர்த்தி இல்லை. நம் வீட்டுக்கு வந்தது நகல். சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்றெல்லாம் டப்பாவின் மேல் பெயர் இருக்கும். உள்ளே அதே ஃபேமிகாம் வேலை.

நகல் ஏன் வந்தது என்றால், அசல் நம் கைக்கு எட்டவில்லை. 1995-ல் சேகா என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி, ஷா வாலஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தன் மெகா டிரைவ் கருவியை இந்தியாவில் விற்றது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். கருவி விலை 18,000 ரூபாய். அந்த வருஷம் நான் கையில் வாங்கிய சம்பளத்துக்கு அது ஏறக்குறைய மூன்று மாதம். மூன்று மாதச் சம்பளத்தை ஒரு முள்ளம்பன்றி ஓடுவதைப் பார்க்க யார் கொடுப்பார்கள்? 1996 தீபாவளிக்கு நான் வாங்கிய ஃபெஸ்டிவல் அட்வான்ஸில் 1,450 ரூபாய் எடுத்து, காந்திபுரத்தில் ஒரு கடையில் நகல் கருவி வாங்கினேன். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, ஒரு கேசட். கேசட் மேல் 99,99,999 கேம் என்று போட்டிருந்தது. ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததில் தேறியது பத்துப் பன்னிரண்டு. மற்றதெல்லாம் அதே கேமை வேறு கட்டத்திலிருந்து தொடங்குவது. ஒரே பில்லை நாற்பது தடவை பதிவு செய்த கணக்கு மாதிரி. இன்றைய பத்தாயிரம் கேம் குச்சியைப் பற்றிப் பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் பீளமேட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். எதிரே எஸ்டிடி பூத் வைத்திருந்தவர் பின்னறையில் இரண்டு டிவி போட்டு மணிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கருவி வந்ததும் அவருக்கு நான்கு வாடிக்கையாளர் குறைந்தார்கள். ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாரியோ, கான்ட்ரா, டேங்க், பைக் ரேஸ், வாத்து சுடுவது. இவ்வளவுதான் எங்கள் தெருவின் மொத்தச் சொத்து. பி.காம் படித்தவனுக்கு கான்ட்ரா என்றால் வேறு அர்த்தம். ரொக்கத்தை வங்கியில் கட்டினாலும், வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்தாலும், ரொக்கப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் விழுகிற பதிவு அது. என் மகன் "அப்பா, கான்ட்ரா போடலாமா" என்று முதல் தடவை கேட்டபோது, பையன் காமர்ஸ் எடுப்பான் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அவன் மெக்கானிக்கல் எடுத்தான்.

அந்த கான்ட்ராவில் மூன்று உயிர்தான். பிள்ளைகள் பாஷையில் மூன்று லைஃப். ஆனால் தொடக்கத் திரையில் ஒரு மந்திரம் போட்டால் முப்பது லைஃப் வரும். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது... (இதை நான் பாதி சொன்னதும் பின்வரிசையில் நாலைந்து பேர் மீதியை உரக்கச் சொன்னார்கள் என்பதை இங்கே மினிட்ஸில் ஏற்றுகிறேன்.) அந்த மந்திரத்தை உண்டாக்கியவர் கஜுஹிசா ஹஷிமோட்டோ. கொனாமி கம்பெனியில் வேலை பார்த்தவர். 1986-ல் கிராடியஸ் என்ற விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவராலேயே ஆட முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால், சோதித்துப் பார்ப்பதற்காகத் தனக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். எடுக்காமல் அப்படியே வெளியே போய்விட்டது. 2020-ல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க அந்தப் பத்துப் பொத்தான்களை எழுதித்தான் அஞ்சலி செலுத்தினார்கள்.

மாரியோ 1985-ல் வந்தது. ஷிகெரு மியமோட்டோ, தகாஷி தெசுகா என்ற இருவர் வடிவமைத்தது. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், ஆக 32. இவ்வளவும் சேர்ந்து அடங்கிய இடம் 40 கிலோபைட். காலையில் நம் வாட்ஸப் குழுவில் ரோஜாப் பூவோடு வருகிறதே இனிய காலை வணக்கம், அந்த ஒரு படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடத்தைச் சிக்கனம் செய்ய அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நம் பாட்டிமார் ஞாபகம் வரும். வானத்தில் இருக்கிற மேகமும் தரையில் இருக்கிற புதரும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை, அவ்வளவுதான். நம்பாதவர்கள் இன்று ராத்திரி யூடியூபில் பாருங்கள்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் இரண்டு வருஷத்துக்கு முன் லீவுக்கு வந்தபோது ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். 2017-ல் வந்த கருவி அது. நின்டெண்டோ இன்று வரை நம் நாட்டில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. வெளிநாட்டு உறவுக்காரர் மூலமாகவோ, தனியாக இறக்குமதி செய்து விற்பவர் மூலமாகவோதான் வரும். அதில் பழைய விளையாட்டுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. மகள் வீட்டுப் பேரன் பள்ளி லீவுக்கு வரும்போதெல்லாம் நானும் அவனும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

எடுத்த எடுப்பில் எனக்கு மாரியோ குழியில் விழுந்துகொண்டே இருந்தார். பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் தாமதித்துக் குதிக்கிறார். வயசாகிவிட்டது, கை போய்விட்டது என்று நினைத்தேன். பேரன், "அப்புச்சி, டிவியில கேம் மோடு போடலீங்களா?" என்றான். விஷயம் என்னவென்றால், இன்றைய தட்டை டிவி வருகிற படத்தை அப்படியே காட்டுவதில்லை. பளிச்சென்று ஆக்குகிறேன், வழவழப்பாக்குகிறேன் என்று உள்ளே வைத்து வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே விடும். சினிமாவுக்கு அது தெரியாது. விளையாட்டில் கை ஒரு நேரமும் கண் ஒரு நேரமும் ஆகிவிடும். பழைய டப்பா டிவியில் இந்தச் சமாச்சாரமே கிடையாது, வந்த படம் வந்தபடி போகும். செட்டிங்கில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் தாமதம் பெருமளவு குறையும். அதைப் போட்ட பிறகும் நான் குழியில் விழுந்தேன் என்பது வேறு விஷயம்.

அடுத்தது ரீவைண்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஸ்விட்சில் பழைய விளையாட்டை ஆடும்போது செத்துப்போனால் கவலை இல்லை. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் படம் பின்னால் ஓடும். விழுவதற்கு முன்னால் நிறுத்தி மறுபடி குதித்துக்கொள்ளலாம். எங்கே வேண்டுமானாலும் அப்படியே சேமித்து வைத்துவிட்டு நாளைக்கு வந்து தொடரலாம். பேரன் முதல் நாள் மூன்று மணி நேரத்தில் மாரியோவை முடித்துவிட்டான். முடித்துவிட்டு, "அவ்ளோதானுங்களா அப்புச்சி? வேற என்ன இருக்கு?" என்றான். அவன் அம்மா, அதாவது என் மகள், 1997 கோடை லீவு முழுக்க அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு அந்த எட்டாவது உலகத்துக்குப் போனவள். அந்தக் கேசட்டில் சேமிக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்துக் கரண்ட்டும் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வங்கியில் லெட்ஜரில் தப்பாக ஒரு தொகை எழுதிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் ஆபீசர் இனிஷியல் போட வேண்டும். நாள் முடிந்த பிறகு தெரிந்தால் எதிர்ப் பதிவு போட்டுத்தான் சரி செய்ய முடியும். எது நடந்ததோ அது புத்தகத்தில் இருக்கும். பிறகு ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் மெஷின் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, கோர் பேங்கிங் வந்தது. இந்த ஒரு விதி மட்டும் மாறவில்லை. அப்படிப் பழகியவனுக்கு ரீவைண்டைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. அந்த விளையாட்டு 40 கிலோபைட்தானே. அதைச் செய்தவர்கள் எப்படி அதை ஒரு லீவுக்கு இழுத்தார்கள்? நாம் விழுந்து விழுந்து மறுபடி வருகிற நேரத்தைக் கொண்டுதான். விழுவதை எடுத்துவிட்டால் மூன்று மணி நேரம்தான் மிச்சம்.

அதற்காக ரீவைண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாடியில் ஒரு நண்பருக்கு விரல் மூட்டு வலி. அவர் கான்ட்ராவில் மூன்றாவது கட்டத்து அருவியைத் தாண்டியது ரீவைண்டால்தான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு எஃப்டியில் அரை சதவீதம் கூடுதல் கொடுக்கிறார்களே, அது மாதிரி அறுபது தாண்டியவர்களுக்கு ரீவைண்ட் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வயசுக்காரனுக்கு வேண்டாம். பேரனிடம் அப்படித்தான் ஒப்பந்தம் போட்டேன். இரண்டாவது தடவை ரீவைண்ட் இல்லாமல் ஆடி மூன்றாவது உலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது வாரா வாரம் போன் வருகிறது, அங்கே எப்படித் தாண்டுவது என்று.

என் வீட்டம்மாவுக்கு ஓடுவது, சுடுவது எதுவும் பிடிக்காது. அவர் ஆடுவது டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் உண்டாக்கியது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. நாற்பது வருஷம் பரண் மேல் பாத்திரம் அடுக்கிய கைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அந்த விளையாட்டுக்கு முடிவே கிடையாது, மனுஷன் தோற்பதுதான் முடிவு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், 1989-ல் வெளியான என்இஎஸ் டெட்ரிஸை 157-வது நிலை வரை ஆடினான். கருவியே தாங்காமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மனுஷன் முதல் தடவையாக ஜெயித்தான். இதை வீட்டில் சொன்னேன். "அவனுக்கு நடுவுல குக்கர் விசில் அடிச்சிருக்காதுங்க" என்றார்.

இனிமேல் சொல்வதுதான் பொதுக்குழுவுக்கு வேண்டிய விஷயம். ஸ்விட்சில் அந்தப் பழைய விளையாட்டுகள் எங்களுடையவை அல்ல. அவை வாடகை. ஒருவருக்கு வருஷத்துக்கு சுமார் 20 டாலர். எட்டுப் பேர் வரை சேரும் குடும்பத் திட்டம் 35 டாலர். கட்டுகிற வரை இருக்கும். நிறுத்தினால் அலமாரியோடு போய்விடும். கட்டிக்கொண்டிருந்தாலும் ஏழு நாளுக்கு ஒரு தடவையாவது இன்டர்நெட்டில் இணைக்க வேண்டும். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும். லாக்கர் வாடகை கட்டாவிட்டால் வங்கி சாவியைத்தான் கேட்கும், உள்ளே இருக்கும் வளையல் உங்களுடையது. இங்கே வளையலே அவர்களுடையது. 1,450 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த நகல் கருவி பரணில் பன்னிரண்டு வருஷம் கிடந்தது, யாரும் வந்து திருப்பிக் கேட்கவில்லை.

விலை கொடுத்து வாங்கினாலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நின்டெண்டோ தன் முந்தைய கருவிகளான வீ யு, 3டிஎஸ் இரண்டுக்குமான இணையக் கடையை 2023 மார்ச் 27-ல் மூடியது. முன்பே வாங்கியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் எந்த வழியிலும் கிடைப்பதில்லை. கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டு, 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டலாக ஒன்றை விற்கும்போது, இது உரிமம் மட்டும்தான், சொந்தம் ஆகாது என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரே தடவை காசு கொடுத்துவிட்டு மாதாமாதம் எதுவும் கட்டாமல் ஆடக்கூடியதும் இருக்கிறது. கொனாமி 2019-ல் பழைய கான்ட்ராக்களை ஒரு தொகுப்பாக வெளியிட்டது. 2022-ல் பேக்மேன் தொகுப்பு ஒன்று வந்தது. இவை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் உண்டு. பிளேஸ்டேஷன் 5-தான் வேண்டும் என்பதில்லை, பழைய பிளேஸ்டேஷன் 4 போதும்.

எதற்காக இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் நம் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் நடந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை, ஊகிக்கவும் வேண்டாம். பையன் அப்பா போனில் ஒரு விளையாட்டு ஆடுகிறான். துப்பாக்கிக்கு ஒரு நிறம், சட்டைக்கு ஒரு நிறம், அதற்கு 79 ரூபாய், இதற்கு 159 ரூபாய். யுபிஐ நம்பர் அவனுக்குத் தெரியும், அப்பாதான் பால் பாக்கெட் வாங்கச் சொல்லிக் கொடுத்தது. நான்கு மாதத்தில் பதினோராயிரத்துச் சொச்சம். ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், இதைத் திருப்பி வாங்க வழி இருக்குதுங்களா?" என்றார். பின் நம்பர் போட்டுச் செய்த பரிமாற்றம். வங்கி கணக்குப்படி அது அவரே செய்த செலவு. விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் பார்த்ததில் ஒரு சின்னத் தொகைதான் வந்தது. நான் அந்த ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு வரியும் 200 ரூபாயைத் தாண்டவில்லை. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் அழிந்த கதை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2022-லேயே தமிழ்நாடு தனியாகச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் நான் சொன்ன அந்தப் பையன் சூதாடவில்லை. சட்டைக்கு நிறம் வாங்கினான். அதற்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாரியோவிலும் காசு இருக்கிறது. நூறு காசு சேர்த்தால் ஒரு லைஃப். அந்தக் காசு டிவிக்குள்ளேயே கிடைத்து டிவிக்குள்ளேயே செலவாகிறது. நம் பாக்கெட்டுக்கும் அதற்கும் கணக்கு வழக்கு கிடையாது. 1996-ல் கொடுத்த 1,450-க்குப் பிறகு அது என்னிடம் ஐந்து பைசா கேட்டதில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் அது முடிந்த கணக்கு. நம் குழந்தைகள் அறைக்கு நான் கேட்பதும் அப்படி ஒரு முடிந்த கணக்குத்தான்.

அந்தக் குச்சி? அதுவும் ஒரு தடவை காசுதானே என்று கேட்பீர்கள். அதற்குள் இருப்பது எமுலேட்டர் என்ற மென்பொருள், அதாவது பழைய கருவி மாதிரி நடிக்கும் ஒரு நிரல், ஒரு மெமரி கார்டு, அதில் யாரையும் கேட்காமல் ஏற்றிய விளையாட்டுகள். நாமும் அன்று நகலில்தான் ஆடினோம், அதை மறைக்க வேண்டியதில்லை. அன்று அசல் நம் கைக்கு எட்டவில்லை. இன்று கான்ட்ராவும் பேக்மேனும் ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போகும் செலவுக்குள் சட்டப்படி கிடைக்கின்றன. வீட்டில் யார் எதை வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் வேலை இல்லை. ஆனால் சங்கம் பில் போட்டு, வவுச்சர் எழுதி, ஆடிட்டர் முன்னால் வைக்கிற செலவில் அப்படி ஒரு பொருள் இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். தவிர, பத்தாயிரத்தில் எத்தனை தேறும் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

என் யோசனை இவ்வளவுதான். பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று, நல்ல நிலையில், பில்லோடு. இரண்டு கன்ட்ரோலர். கிளப் ஹவுஸ் டிவி இருக்கவே இருக்கிறது, கேம் மோடு போடத் தெரிந்த ஆள் நான் இருக்கிறேன். அதில் யாருடைய கார்டையும் யுபிஐயையும் சேர்த்து வைக்கக் கூடாது. விளையாட்டு வாங்க வேண்டுமென்றால் கமிட்டி ஒரு கிஃப்ட் கார்டு வாங்கி, அந்தத் தொகைக்குள் வாங்கிவிட்டு முடித்துக்கொள்ளட்டும். மாலை ஐந்து முதல் எட்டு வரை. எப்போதும் இரண்டு பேராக ஆட வேண்டும், தனியாக ஆடுவதற்கு வீட்டில் போன் இருக்கிறது. பரீட்சை மாதத்தில் பூட்டிவிடலாம், சாவி என்னிடம் இருக்கட்டும். நான் சாவி வைத்திருந்து பழகியவன். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மூத்தவர்களுக்கு. இந்த நேரத்தை என் வீட்டம்மா கேட்கச் சொன்னார்.

கேசட்டை எடுத்து வாயால் ஊதிப் போட்டால்தான் வேலை செய்யும் என்று நம்பினோமே, அது நிஜமா என்று நேற்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். இல்லைங்க. கழற்றி மறுபடி சொருகியதில் பின்கள் சரியாகத் தொட்டன, அதனால் வேலை செய்தது. ஊதியதால் எச்சில் ஈரம் பட்டுத் துரு பிடித்ததுதான் மிச்சம். நின்டெண்டோவே ஊதாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆனால் ஊதாமல் போட்ட ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக அந்த வாத்து சுடுகிற கேம். புதுக் கன்சோலில் எல்லாம் வருகிறதே, அது ஏன் வரவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது வெளிச்சத்தை உள்ளே வாங்குகிற கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். நம் கண்ணுக்கு ஒரு மினுக்கல்தான் தெரியும். குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாமல் போனதும் இதனால்தான், பல்பு இருட்டாவதில்லையே. இந்த வேலைக்குப் பழைய பிக்சர் டியூப் டிவியின் நேரக் கணக்கு வேண்டும். தட்டை டிவி அந்த வெள்ளைக் கட்டத்தைக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். அதனால் அசல் துப்பாக்கியோடு அதை ஆடுவதற்குப் பழைய டிவியைத் தவிர வேறு வழி இல்லை.

என் பழைய கருவியும் துப்பாக்கியும் இன்னும் வேலை செய்கின்றன, போன மாதம் சோதித்தாயிற்று. டிவிதான் இல்லை. ஆகவே யார் வீட்டுப் பரணிலாவது, கார் நிறுத்துமிடத்து மூலையிலாவது ஒரு பழைய டப்பா டிவி கிடந்தால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, 14 இஞ்ச் ஆனாலும் சரி, பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஏ பிளாக் மூன்றாம் மாடிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தூக்கிவர ஆள் நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன்.